ஓடிப் பழகிய நாய் வீட்டுக்கு வந்தால்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வெள்ளாமை வெட்டு முடிந்ததும் வயல் வாடிகள் வெறிச்சோடிவிடும். பாய், சட்டி பானை, மருந்தடிக்கும் டாங்கி எல்லாம் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏறும். நாய்கள் பெரும்பாலும் ஏறுவதில்லை. பன்றி துரத்தவென்று வைத்திருந்த, நெஞ்சு அகன்று வயிறு ஒட்டிய நெடுங்கால் நாய்கள் அவை. அடுத்த போகத்துக்கு ஆட்கள் வரும்வரை வாய்க்கால் கட்டில் அலையும். சில அதுவரை தாக்குப்பிடிப்பதில்லை.

எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் ஒன்றைக் கொண்டுவரலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாவம் பார்த்துக் கொண்டுவராதீர்கள், உங்கள் வீட்டுப் படலையைப் பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள். இந்த நாய்களால் வரும் ஆபத்தில் முக்கால்வாசி கடியால் வருவதில்லை, வேகத்தால் வருவது. அதுவும் பெரும்பாலும் நாய்க்கே வருவது.

இந்தப் புத்தி எனக்கு வயலில் கிடைத்ததல்ல, மெல்பேர்னில் கிடைத்தது. மகளின் பிரசவத்துக்கென்று நான் போனபோது அவர்கள் வீட்டில் ஒரு கிரேஹவுண்ட் இருந்தது. பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற பெட்டை நாய், ரோசி என்று கூப்பிடுவார்கள். நம்ம பக்கம் நாய்ப் பந்தயம் இல்லை. அங்கே அது பெரிய தொழில். பொய் முயல் ஒன்று தண்டவாளத்தில் விரைந்து போக, பெட்டிகளுக்குள்ளிருந்து நாய்கள் பாயும். 500 மீட்டர் ஓட்டம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பல நாய்களுக்கு 4, 5 வயதுக்குள் பந்தயம் முடிந்துவிடுகிறது. அதன்பிறகும் 12, 13 வயதுவரை உயிரோடு இருக்கும். அந்த மிச்சக் காலத்துக்கு வீடு தேடிக் கொடுக்க விக்டோரியா மாநிலத்தில் பந்தயத்தை நடத்தும் அமைப்பே ஒரு தத்துத் திட்டம் வைத்திருக்கிறது. சீமோர் என்ற ஊரில் அதன் நிலையம் உண்டு. காதுக்குள் பச்சை குத்திய எழுத்துகளோடு ரோசி அந்தத் திட்டத்தில் வந்தவள். அந்தத் தொழிலை அங்கே எல்லோரும் ஏற்றுக்கொள்வதுமில்லை. தலைநகர் கன்பரா இருக்கும் பிரதேசம் 2018இல் நாய்ப் பந்தயத்தைத் தடைசெய்தது.

பிரசவ வீட்டில் கிடாய் உயரத்துக்கு ஒரு நாயா என்று எனக்குப் பயம்தான். மருமகன் பயப்படாதீர்கள் என்று சொல்லவில்லை. பிரிட்ஜில் ஒட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினார். வாசற்கதவைத் திறக்குமுன் நாய் எங்கே என்று பார். கயிறில்லாமல் வெளியே விடாதே. படுத்திருக்கும்போது தொடாதே. மூன்றே வரி. ஊருக்கு வந்து ஜிம்மியை எடுத்தபோது அதே மூன்று வரியைத்தான் தமிழில் எழுதி எங்கள் முன்கதவில் ஒட்டினேன்.

வவுணதீவுப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது, குத்தகைக்குக் கொடுத்திருக்கிறோம். இவரும் நானும் கணக்குப் பார்க்கப் போனபோது மருத மரத்தடியில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது. காது நுனி கிழிந்து, விலா எலும்பு எண்ணும்படி இருந்தது. வயலில் நின்று வேலை பார்க்கும் முல்லைக்காரத் தம்பியிடம் ஆருடைய நாய் என்று கேட்டேன்.

"போடியார்ர நாய்தான் டீச்சர். பேரு ஜிம்மி. பல்லுப் போயித்து, இனிப் பண்டிக்குப் போகாது. வேணுமெண்டா கொண்டு போங்க."

அவர் சொன்னதோடு விட்டுவிடாமல், நாயின் சொந்தக்காரரான பெரிய வயற்காரர், அந்தப் போடியாருக்கும் போன் எடுத்துச் சம்மதம் வாங்கினோம். இது முக்கியம். அனாதையாகத் தெரியும் நாய்க்கும் பல சமயம் சொந்தக்காரர் இருப்பார். தேற்றி எடுத்த பிறகு அடுத்த போகத்தில் வந்து கேட்டால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். கூடவே மூன்று விஷயம் விசாரித்துக்கொள்ளுங்கள்: மனிதரைக் கடித்திருக்கிறதா, விசர்நாய்த் தடுப்பூசி எப்போதாவது போட்டார்களா, கோழி ஆட்டைத் துரத்துமா. ஜிம்மி ஆளைக் கடித்ததில்லை, ஊசி பற்றி யாருக்கும் தெரியவில்லை, கோழியைப் பற்றிக் கேட்டதும் தம்பி சிரித்தார். அந்தச் சிரிப்பே போதுமான பதில்.

நேரே மிருக வைத்தியரிடம்தான் கொண்டுபோனோம். ஊசி போட்டதாகச் சொல்லும் நாய்க்கும் அட்டை இல்லையென்றால் போடாததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். விசர்நாய்த் தடுப்பூசியைச் சுகாதாரத் துறையினர் ஊர் ஊராக வந்து இலவசமாகப் போடுகிறார்கள், ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். வந்த புதிதில் நாய் யாரையாவது பிராண்டினாலும் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நம் வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள், அது நம் வீட்டுக்கு நேற்றுத்தான் வந்தது.

உண்ணிக் காய்ச்சல் இன்னொரு தலையிடி. வயல் நாயின் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி அப்பிக் கிடக்கும். சாப்பாட்டில் மனமில்லாமல், முரசு வெளிறி, சிறுநீர் கறுத்துப் போனால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. மாட்டுக்கு வாங்கிவைத்த மருந்தை அளவு குறைத்து நாய்க்குப் போடுவதும், சொறிக்குக் கழிவு ஒயில் பூசுவதும் நம்ம ஊரில் இன்னும் நடக்கிறது. ஒயிலை நாய் நக்கி உள்ளே எடுத்துவிடும். மாட்டு மருந்தில் ஒரு துளி கூடினாலும் மெலிந்த நாய்க்கு அது பெரிய அளவு. நிறை பார்க்காமல் எந்த மருந்தும் வேண்டாம். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு நீங்கள் தனியாக ஏறிக் கழித்துப் பாருங்கள், அவ்வளவுதான் வேலை. மனிதருக்கான நோவு மாத்திரைகளையும் கொடுக்காதீர்கள்.

ரோசியின் விஷயத்தில் மருமகன் இதைவிடக் கவனம். கிரேஹவுண்டுகளின் உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு, சில மயக்க மருந்துகளை அவற்றின் ஈரல் மெதுவாகத்தான் கழிக்கும். தயோபென்டல் போட்டால் மயக்கம் தெளிய நெடுநேரம் எடுக்கும். இரத்தத்தில் சிவப்பணு மற்ற நாய்களைவிடக் கூட இருக்கும், அது அந்த இனத்துக்கு இயல்பு, நோயல்ல. ஜிம்மி கிரேஹவுண்ட் அல்ல, கலப்பு நாய்தான். ஆனாலும் விதை நீக்கக் கொண்டுபோனபோது இவன் மெலிந்த ஓட்டக்கார நாய் என்று வைத்தியரிடம் சொல்லிவைத்தேன். சொல்லி வைப்பதில் நட்டமில்லை.

இனிப் படலை. கிரேஹவுண்ட் முழு வேகத்தில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அப்படியென்றால் ஒரு வினாடிக்கு 16, 17 மீட்டர். நீங்கள் "ஏய்" என்று கத்தி முடிப்பதற்குள் பக்கத்து வளவும் தாண்டி ரோட்டில் நிற்கும். ஜிம்மி அத்தனை வேகமில்லை, ஆனால் எங்கள் கல்லடி ஒழுங்கையில் ஓட்டோ வரும் வேகத்துக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை. இந்த நாய்கள் மணந்து தேடுவதைவிடக் கண்ணால் கண்டு துரத்துபவை. தூரத்தில் ஒரு பூனை வால் அசைந்தால் போதும், அதன்பிறகு காது வேலை செய்யாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும் நாய் என்று எவ்வளவு பெருமைப்பட்டாலும் அந்த நிமிடத்தில் வராது. இதில் கீழ்ப்படிவு, பாசம் என்றெல்லாம் மனம் நோக ஒன்றுமில்லை.

அதனால் எங்கள் படலைக்கு உள்ளே இன்னொரு சின்னப் படலை போட்டோம். பழைய இரும்புக் கம்பிச் சட்டம்தான், கடையில் வெட்டி ஒட்டித் தந்தார்கள். வெளிப்படலை திறக்கும்போது உள்படலை பூட்டியிருக்கும். மீன்காரர், தபால்காரர், சீட்டுக் காசு வாங்க வரும் பக்கத்து வீட்டு அக்கா என்று நம்ம வீட்டுக்கு வந்து போகும் ஆட்களுக்குக் கணக்கில்லை, ஒவ்வொருவருக்கும் பாடம் நடத்த முடியாது. இரண்டு படலை இருந்தால் ஒருவர் மறந்தாலும் ஒன்று மிஞ்சும். வேலியையும் சுற்றிவந்து பார்க்க வேண்டும். முள்ளுக்கம்பி வேலி இந்த நாய்களுக்கு ஆகவே ஆகாது. தோல் மெல்லியது, மயிரும் குட்டை. ஓடுகிற ஓட்டத்தில் கம்பி பட்டால் கீறலாக இராது, கிழிசலாகத்தான் இருக்கும். நாங்கள் கீழ் மூன்று வரிசையையும் கழற்றிவிட்டு வலை அடித்தோம். கிழிந்தால் சுத்தமான உப்புத் தண்ணீரால் கழுவித் துணியால் மூடிக் கொண்டு போங்கள், மஞ்சளும் மண்ணெண்ணெயும் வேண்டாம்.

கழுத்துப்பட்டி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் விற்கும் சாதாரணப் பட்டி இவற்றுக்குப் பொருந்தாது. தலை ஒடுங்கியது, கழுத்து தடித்தது. நாய் பின்னால் இழுத்தால் பட்டி காதைத் தாண்டி வழுக்கிக் கழன்றுவிடும். ரோசிக்கு மார்ட்டிங்கேல் என்ற ஒரு பட்டி. அதில் பெரிய வளையத்தோடு ஒரு சின்ன வளையம் சேர்ந்திருக்கும். இழுக்கும்போது கழுத்தளவுக்கு இறுகும், மூச்சை நெரிக்காது, இழுவை நின்றால் தளரும். கடைகளில் எனக்கு அது கிடைக்கவில்லை. செருப்புத் தைப்பவரிடம் படத்தைக் காட்டினேன். பள்ளிக்கூடப் பையின் நைலோன் பட்டியை இரட்டையாகத் தைத்து, இரும்பு வளையம் வைத்து அருமையாகச் செய்து தந்தார். அகலமாக இருக்கட்டும், 2 அங்குலமாவது. மெல்லிய சங்கிலி தொண்டையை வெட்டும். பட்டியில் உங்கள் போன் நம்பரை அழியாத மையில் எழுதிவிடுங்கள்.

நீளக் கயிறு வேண்டாம். நல்லா ஓடட்டுமே என்று இருபது முழக் கயிற்றை மாமரத்தில் கட்டிவிடுவது பார்க்க இரக்கமாகத் தெரியும். முழு வேகத்தில் ஓடி அந்தக் கயிற்றின் அந்தத்தில் நின்றால் கழுத்துதான் போகும். கையில் பிடிக்கும் கயிறு ஆறு அடிக்கு மேல் வேண்டாம். அதையும் மணிக்கட்டில் சுற்றிக் கட்டிக்கொள்ளாதீர்கள். நாய் பாய்ந்தால் நீங்களும் கூடவே போவீர்கள், அதுவும் என் வயதுக்காரர்களுக்கு நல்லதல்ல.

வாய்மூடி விஷயத்தில் மட்டும் மெல்பேர்ன் வழக்கத்தை அப்படியே இங்கே எடுக்க முடியாது. விக்டோரியாவில் முன்பு வீட்டில் வளர்க்கும் கிரேஹவுண்டுக்கும் பொது இடத்தில் வாய்மூடி கட்டாயம். 2019 தொடக்கம் அந்தக் கட்டாயம் இல்லை, கயிறு மட்டும் வேண்டும். ஆனாலும் புதிதாகப் பூனையையோ சின்ன நாயையோ பழக்கும்போது கூடை மாதிரி வாய்மூடியைப் போட்டுவிடுவார்கள், அது வழியாக மூச்சு வாங்கலாம், தண்ணீரும் குடிக்கலாம். எங்கள் ரோட்டில் அதைப் போட்டுக்கொண்டு போக முடியுமா? தெருநாய் நாலு சேர்ந்து வந்தால் வாய் கட்டிய நாய் என்ன செய்யும்? அதனால் ஜிம்மிக்கு வாய்மூடி வளவுக்குள் மட்டும்தான், கோழிகளைப் பழக்கிய நாட்களில். ரோட்டில் இறங்கினால் அது இல்லை, கையில் ஒரு தடி இருக்கும், நாய்களை அடிக்க அல்ல, தரையில் தட்ட.

கோழி பழகியதா என்றால், பழகியது என்று சொல்ல மாட்டேன். எங்கள் கோழி கூட்டுக்குள் நிற்கும்போது திரும்பிப் பார்ப்பதில்லை. அது சிறகடித்துப் பறந்தால் கண் மாறுகிறது. முயலையும் பன்றியையும் துரத்தித் துரத்தியே வளர்ந்த உடம்பு அது. கோழி வெளியே நிற்கும் நேரம் ஜிம்மி உள்ளே, ஜிம்மி வெளியே நிற்கும் நேரம் கோழி உள்ளே. முறை வைத்து வாழலாம். பக்கத்து வீட்டுக் கோழி வேலி தாண்டி வருமென்றால் முன்கூட்டியே அவர்களோடு பேசிவிடுவது நல்லது.

இத்தனை வேகமான நாய்க்கு ஓடக் காணி வேண்டாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். ரோசி நாளின் பெரும்பகுதியைச் சோபாவில் தூங்கித்தான் கழித்தாள், காலையும் மாலையும் கொஞ்ச நேரம் நடந்தால் போதும். ஜிம்மியும் அப்படித்தான். நடக்கக் கொண்டுபோவதை விடிய வெயில் ஏறுமுன் முடித்துவிடுவோம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பத்து மணிக்கே தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தால் தெரியும். அந்தக் காலத்தில் ஓடவிட்டால் தசைநிறைந்த உடம்பு தானே சூடேறிவிடும். நாயின் இயல்பான சூடு 38 பாகைக்கு மேல், 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. மூச்சு இரைந்து, எச்சில் பசைபோட்டு, கால் தள்ளாடினால் நிழலுக்கு எடுத்துக் கிணற்றுத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிறிக்கொண்டே வைத்தியரிடம் ஓட வேண்டும். வாவியில் இறக்கிக் குளிப்பாட்டலாம் என்று நினைக்காதீர்கள். முதலை இருக்கிறது, கொழுப்பில்லாத உடம்பு தண்ணீரில் மிதக்கவும் சிரமப்படும்.

மாரியில் இதற்கு எதிர்மாறு, வாடைக்காற்றில் ஜிம்மி நடுங்குவான். இவருடைய பழைய ரீசேட் ஒன்றைப் போட்டுவிட்டோம். ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு நல்ல சிரிப்பு.

வீட்டுக்குள் முதல் நாட்கள் எதிர்பார்த்ததைவிட அமைதியாக இருந்தன, அதை நம்பிவிடக் கூடாது. பயத்தில் ஒடுங்கியிருக்கும் நாயும் அமைதியாகத்தான் தெரியும். கூட்டில் வளர்ந்த ரோசிக்கு மாடிப்படியும் கண்ணாடிக் கதவும் தெரியாதாம், கதவில் முட்டாமல் இருக்க மகள் காகிதம் ஒட்டியிருந்தாள். ஜிம்மிக்குத் தெரியாதது டைல்ஸ் தரை. நாலு காலும் நாலு பக்கம் போக, அறை நடுவில் அசையாமல் நின்றான். வழியெல்லாம் சாக்கு விரித்தோம், நடக்கப் பழகப் பழக ஒவ்வொன்றாக எடுத்தோம். மின்விசிறியும் பிரஷர் குக்கரும் அவனுக்குப் பேய். சொந்தக்காரரை வரச்சொல்லி நாய் காட்டும் ஆசையைச் சில வாரம் அடக்கிக்கொள்ளுங்கள். வெடி கொளுத்தும் நாட்களில், கோயில் திருவிழாவோ புதுவருசமோ, நேரத்தோடு உள்ளே எடுத்து யன்னலைச் சாத்திவிடுங்கள். சீனவெடிச் சத்தத்துக்கு மதில் பாயும் நாய் நிற்பது அடுத்த ஊரில்தான்.

சாப்பாட்டில் அவசரம் வேண்டாம். பட்டினி கிடந்த நாய்க்கு ஒரே தரம் கோப்பை நிறையப் போட்டால் வயிறு கலங்கும். சோறும் முள் எடுத்த மீனும் அவித்த பூசணிக்காயும், உறைப்பும் வெங்காயமும் இல்லாமல், நாளுக்கு மூன்று தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். சமைத்த கோழி எலும்பு போடாதீர்கள், அது சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். சாப்பிட்டதும் ஓடவிடாதீர்கள், நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு ஊதித் திருகிக்கொள்ளும், மணித்தியாலக் கணக்கில் உயிர் போய்விடும். தேறிய பிறகும் கடைசி ஒன்றிரண்டு விலா தெரியத்தான் செய்யும். "டீச்சர், நாய்க்குச் சோறு போடறல்லையா?" என்று இன்னும் கேட்கிறார்கள். மெல்பேர்னிலும் மருமகனிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். கேட்பவர்களுக்காக நாயைக் கொழுக்க வைத்தால் பாரம் தாங்குவது அதன் மூட்டு.

மூன்றாவது வரி, படுத்திருக்கும்போது தொடாதே என்பது. கிரேஹவுண்டுகள் சில கண் திறந்தபடியே தூங்கும். தன் கூட்டில் தனியாகத் தூங்கியே வளர்ந்த நாயை யாரும் தூக்கத்தில் தொட்டிருக்க மாட்டார்கள். திடீரென்று கை பட்டால் விழிக்கும் முன்னே உறுமும், சில சமயம் கடிக்கவும் செய்யும். விழித்ததும் தானே வெட்கப்படும். வாடியில் இரவிரவாகக் காவல் கிடந்த ஜிம்மிக்கும் அதே குணம். அவன் பாயை ஆட்கள் நடமாடாத மூலையில் போட்டோம். எழுப்ப வேண்டுமென்றால் நின்ற இடத்திலிருந்து பெயர் சொல்லுவோம், தலை தூக்கிப் பார்த்த பிறகுதான் கிட்டப் போவோம்.

பேத்திக்கு இப்போது நடக்க வருகிறது. பொங்கலுக்கு மகள் குடும்பமாக வருகிறாள். ரோசியோடு வளர்ந்த பிள்ளை, நாய் என்றால் நேரே போய்க் கட்டிப்பிடிக்கும், அதுதான் எங்களுக்குக் கவலை. ஜிம்மியின் மூலைக்கு இடுப்பளவில் ஒரு கம்பித் தடுப்புப் போடச் சொல்லியிருக்கிறோம். பிள்ளை தவழ்ந்தும் போகாத அளவு நெருக்கமாகக் கம்பி, நாய்க்கு மட்டும் பின்பக்கம் வழி. அவர்கள் நிற்கும் நாட்களில் சாப்பாட்டுக் கோப்பை பின் விறாந்தைக்குப் போகும். பெரியவர் ஒருவர் கிட்ட இல்லாமல் இரண்டு பேரையும் ஒரே அறையில் விடுவதில்லை என்று மகளுக்கு இப்போதே வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டேன். மருமகன் மார்ட்டிங்கேல் பட்டி ஒன்று கொண்டுவருகிறாராம். கழுத்தளவு கேட்டிருக்கிறார், நாளைக்கு நூல் பிடித்து அளந்து அனுப்ப வேண்டும்.